யாழ்ப்பாணத்தில் இரவில் எங்கே போவது?

ஒன்பது மணிக்கு மேல் யாழ்ப்பாணம் டவுனுக்குள் போனால் பெரியகடையிலும் கஸ்தூரியார் வீதியிலும் அநேகமான கடைகள் பூட்டியிருக்கும், பஸ் நிலையம் அடங்கியிருக்கும், லண்டனிலிருந்தோ ரொறொன்ரோவிலிருந்தோ கூட்டி வந்த பிள்ளைகள் "இங்க ஒண்டுமே இல்லையா" என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் டவுனில் தேடக்கூடாது. யாழ்ப்பாணத்து இரவு கோயில் வீதியிலும் சேர்ச் வளவிலும்தான் நடக்கிறது, அதுவும் நாள் பார்த்து. ஆகவே விமான டிக்கெட் போடும்போதே கலண்டரையும் ஒருக்கால் புரட்டுங்கள்.

கூத்துப் பார்க்க வேண்டும் என்றால் மாசி முதல் ஆனி வரையான காலம் நல்லது. கிராமத்துக் கோயில்களில் திருவிழாவும் பொங்கலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அம்மன் கோயில்களில் காத்தவராயன் கூத்து போடும் இடம் ஏதாவது இருந்தால் அதை முதலில் பிடியுங்கள். இரவு பத்து, பதினொன்றுக்குத் தொடங்கி விடியும்வரை போகும். சிந்துநடை என்று அதற்கென்றே ஒரு ஆட்டமும் பாட்டும் உண்டு, காத்தவராயன் கழுமரம் ஏறும் கட்டம் கடைசியில்தான் வரும். பன்னிரண்டு மணிக்கே எழும்பி வருபவர்கள் அதைக் காணாமல் வருகிறார்கள், பிறகு "சும்மா இழுவை" என்று கதைப்பார்கள். நடுவில் ஒரு மணி நேரம் பாயில் சரிந்து தூங்குங்கள், ஊர்ச்சனமும் அப்படித்தான், ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

இசைநாடகம் வேறு. ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கத்தில் இருக்க, நடிகர்களே பாடி நடிப்பது. அரிச்சந்திர மயான காண்டம், சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி போன்ற கதைகள். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து 1989இல் காலமாகும்வரை அரிச்சந்திரன் என்றால் அவர்தான். இன்றைக்கும் மயான காண்டம் போடுகிறார்கள் என்றால், அவர் எப்படிப் பாடினார் என்று பக்கத்தில் இருக்கும் பெரியவர் உங்களுக்குச் சொல்லாமல் விடமாட்டார். சிவராத்திரிக்கு ஊரில் நின்றால் விசேஷம்: கண் விழிப்பதற்காகவே பல கோயில்களில் விடிய விடிய நிகழ்ச்சி வைப்பார்கள்.

கத்தோலிக்கப் பக்கம் போவதென்றால் தவக்காலம். திருமறைக் கலாமன்றம் என்ற கலை அமைப்பு 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடக்கியது, பிரதான வீதியில் இருக்கிறது, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அவர்களுடைய திருப்பாடுகளின் காட்சி நாடகத்துக்குச் சைவக்காரரும் திரண்டு போவது வழக்கம். குருநகர், பாசையூர் பக்கம் தென்மோடிப் பாணிக் கூத்து ஆடும் பரம்பரை அண்ணாவிமார் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்கள்) இருந்த இடங்கள், அங்கே உறவுக்காரர் இருந்தால் கேட்டு வையுங்கள்.

மண்டபத்துக்குள் இருந்து பார்க்கும் நாடகம்தான் வேண்டுமா? நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியுடன் கட்டிய கலாசார மண்டபம் இருக்கிறது, 2025இல் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டினார்கள். வீரசிங்கம் மண்டபம், பல்கலைக்கழகத்துக் கைலாசபதி கலையரங்கு இரண்டும் பழைய இடங்கள். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறிய ஊர் இது, ஆகவே நவீன நாடகம் பார்ப்பதற்கும் ஆட்கள் உண்டு. ஆனால் நாடகம் பெரும்பாலும் ஒன்று, இரண்டு நாளோடு முடிந்துவிடும். உதயன், வலம்புரி பேப்பர்களையும் சுவரொட்டிகளையும் பாருங்கள், அதைவிடத் தெருமுனை ஓட்டோக்காரரிடம் கேட்டால் இன்னும் விரைவாகத் தெரியும்.

ஓகஸ்ட் லீவில் வருபவர்களுக்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா. இருபத்தைந்து நாள், 24ஆம் நாள் தேர். எல்லோரும் தேருக்கு முண்டியடிப்பார்கள், என்னைக் கேட்டால் தேருக்கு முந்தின நாள் மாலை சுவாமி வரும் அலங்கார ஊர்தியான சப்பறம்தான் பார்க்க அழகு. ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம், வேட்டி கட்டுங்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், நடக்கத் தோதான செருப்பு போடுங்கள், நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முடிந்ததும் பக்கத்தில் ரியோவில் ஐஸ்கிறீம், இதற்கு வழிகாட்டியே தேவையில்லை. மற்ற ஊர்த் திருவிழாக்களில் மேளச்சமா (நாதஸ்வர, தவில் கச்சேரி) என்று போட்டிருந்தால் விடாதீர்கள். தவில் தெட்சணாமூர்த்தி பிறந்த மண், இணுவில், அளவெட்டிப் பக்கத்துத் தவில்காரர் இரண்டு பேர் எதிரெதிரே இருந்து வாசிக்கத் தொடங்கினால் பிள்ளைகளும் போனை வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். எலெக்ட்ரிக் இசைக்குழு நிகழ்ச்சியும் இருக்கும், ஸ்பீக்கருக்குக் கிட்ட மட்டும் இருக்காதீர்கள்.

டிசம்பரில் மழை, திறந்தவெளியில் அதிகம் ஒன்றும் இராது. நத்தார் நள்ளிரவுப் பூசைக்குப் பெரிய கோயில் என்று சொல்லும் மரியன்னை பேராலயம், அப்புறம் விடியற்காலைத் திருவெம்பாவை, அவ்வளவுதான். தைப்பொங்கல் வரை நிற்க முடிந்தால் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்குப் போங்கள், பின்னேரமே போய் இடம் பிடிக்க வேண்டும்.

குடி பற்றியும் கேட்பீர்கள். ஹோட்டல் பார்கள் உண்டு, 21 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, போயா (முழுநிலா) நாளில் விற்பனையே இல்லை. கள்ளு இரவுச் சாமான் அல்ல, இறக்கிய காலையிலேயே நல்லது, பிறகு புளித்துவிடும். பிள்ளைகளுக்குப் புளிக்காத கருப்பநீர் (பதநீர்) வாங்கிக் கொடுங்கள். குடித்துவிட்டுக் கோயில் கூத்துக்குப் போகவே வேண்டாம், உங்கள் பெயரோடு மாமா, சித்தப்பா பெயரும் சேர்ந்து கெடும்.

கடைசியாகப் போக்குவரத்து. இரவில் ஊர்ப் பக்கம் பஸ்ஸை நம்ப முடியாது. போகும் ஓட்டோவையே திரும்பி வரவும் பேசிக்கொள்ளுங்கள், காத்திருப்புக்கும் சேர்த்து விலை முன்கூட்டியே பேச வேண்டும், அவருடைய நம்பரை இரண்டு பேர் போனில் பதிந்து வையுங்கள். பாய், டோர்ச், நுளம்புக்குப் பூசும் மருந்து, ஒரு போர்வை, பிளாஸ்கில் தேத்தண்ணி. கச்சான் அங்கேயே விற்கும், சில்லறைக் காசு கொண்டு போங்கள். அடுத்த நாள் காலையில் கொழும்பு ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தால் மட்டும் அன்றைக்குக் கூத்துக்குப் போகாதீர்கள்.