கரண்ட் போனால் நாஸ் தானே அணைய வேண்டும்

கரண்ட் போவதால் மட்டும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த, டிஸ்க்குகள் உள்ள சேமிப்புப் பெட்டி) கெட்டுவிடாது. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் போவதுதான் ஆபத்து. கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) இருக்கும் தகவல் டிஸ்க்கில் இறங்குவதற்குள் மின்சாரம் நின்றால் ஃபைல் சிஸ்டம் அரைகுறையாக நிற்கும். ரெய்டு 5-ல் (ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றை வைத்துத் தகவலை மீட்கும் அமைப்பில்) இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு டிஸ்க்கில் புதுத் தகவல் ஏறியிருக்கும், இன்னொன்றில் அதற்கான பாரிட்டி (மீட்க உதவும் சரிபார்ப்புத் தகவல்) பழையதாகவே இருக்கும். அன்றைக்கு எதுவும் தெரியாது. பின்னால் ஒரு டிஸ்க் பழுதாகி, மற்றவற்றை வைத்து மீட்கும்போது ஃபைல் குப்பையாக வரும்.

ஆகவே யு.பி.எஸ். கட்டாயம். இரண்டு டிஸ்க் பெட்டி ஓடும்போது சுமார் 15 முதல் 20 வாட், நான்கு டிஸ்க் என்றால் 30 முதல் 40 வாட்தான் எடுக்கும். ரவுட்டரையும் சேர்த்தாலும் 600 வி.ஏ. திறனுள்ள லைன் இன்டராக்டிவ் (வோல்ட் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்யும்) யு.பி.எஸ். தாராளம். லேசர் பிரின்டரை மட்டும் அதில் மாட்டவே வேண்டாம்.

வாங்கும்போது வி.ஏ. கணக்கைவிட முக்கியம், பின்பக்கம் தகவல் அனுப்பும் யு.எஸ்.பி. போர்ட் இருக்கிறதா என்பது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. சிலவற்றில் இருப்பது போன் சார்ஜ் செய்ய மட்டும். தகவல் போர்ட் இல்லாவிட்டால் பேட்டரி தீருவது நாஸுக்குத் தெரியாது. கரண்ட் போன அதே கதிதான், கொஞ்ச நேரம் தள்ளி. நாஸ் கம்பெனியின் இணையதளத்தில் பொருந்தும் யு.பி.எஸ். பட்டியல் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேபிளை மாட்டியதும் நாஸ் அமைப்புகளில் யு.பி.எஸ். பகுதியை இயக்கி, கரண்ட் போய் 5 நிமிடத்தில் ஷட் டவுன் ஆகும்படி வையுங்கள். ‘பேட்டரி குறையும் வரை’ என்ற தேர்வை நம்ப வேண்டாம். பழைய பேட்டரி 60 சதவீதம் என்று காட்டிவிட்டுச் சட்டென்று விழுந்துவிடும். கரண்ட் திரும்பியதும் தானே இயங்கும் தேர்வையும் போடுங்கள். கூடவே, நாஸ் அணைந்ததும் யு.பி.எஸ்ஸையும் அணைக்கும் தேர்வு இருந்தால் அதையும் போட வேண்டும். இல்லாவிட்டால், நாஸ் அணைந்த பிறகு பேட்டரி தீர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டால், பெட்டிக்கு மின்சாரம் அறுபடவே இல்லை என்பதால் அது எழுந்திருக்காது.

அமைத்ததோடு விடாமல் சோதித்துப் பாருங்கள். முதலில் பேக்கப் வேலைகளை நிறுத்துங்கள். யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்ச்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் எர்த்தும் போய்விடும். 5 நிமிடம் கழித்து நாஸ் விளக்குகள் எல்லாம் அணைய வேண்டும். பிறகு சுவிட்ச்சைப் போட்டால் தானே எழ வேண்டும். பதிவேட்டில் ‘முறையற்ற ஷட் டவுன்’ என்று வந்தால் எங்கோ தவறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் பின்னால் யு.பி.எஸ். போடுவதாக இருந்தால் இன்வெர்ட்டர் சைன் வேவாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் என்றால் யு.பி.எஸ். பலவும் அதைக் கோளாறான மின்சாரமாக எடுத்துக்கொண்டு, டக் டக் என்று பேட்டரிக்குத் தாவியபடியே இருக்கும்.

எர்த் சரியில்லாத சாக்கெட்டில் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் வோல்ட் எகிறலைத் தடுக்கும் கருவி) பாதி வேலைகூடச் செய்யாது. மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இடி இடிக்கும் ஐப்பசி மாதத்தில் வெளியிலிருந்து வரும் செம்பு நெட்வொர்க் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. மின்னலின் அதிர்வு அந்த வழியாகவும் வரும். ஃபைபருக்கு அந்தப் பயம் இல்லை.

டிஸ்க்குகள் திடீரென்று காணாமல் போய்த் திரும்பி வந்தாலோ, பூட் ஆகும்போது பெட்டி ரீஸ்டார்ட் ஆனாலோ டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயதான அடாப்டர் அதைத் தாங்காது. மாற்றும்போது வோல்ட் அதே, ஆம்பியர் அதே அல்லது கூடுதல். நான்கு பின் பிளக் என்றால் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மாடலுக்கான அடாப்டரையே வாங்குங்கள்.

மற்றவை சுலபம். பெட்டியை மூடிய அலமாரியில் வைக்காமல் பின்பக்கம் 10 செ.மீ. இடம் விடுங்கள். டிஸ்க் வெப்பம் 45 டிகிரிக்குள் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷட் டவுன் செய்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். யு.பி.எஸ். பேட்டரியை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுங்கள், உப்பியிருந்தால் உடனே.

மாதம் ஒருமுறை ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவுசெய்யும் வசதி) விரிவான சோதனையும், வேறொரு நாளில் ஸ்கிரப்பும் (எல்லாத் தகவலையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓட வேண்டும். ஸ்மார்ட் பட்டியலில் எண் 5, 197, 198 ஆகியவற்றின் மதிப்பு கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் வேளை வந்துவிட்டது. 199 மட்டும் கூடினால் பெரும்பாலும் இணைப்பில்தான் கோளாறு. டிஸ்க்கைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள்.

டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் முக்கிய ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பழுதான டிஸ்க்கின் சீரியல் நம்பரைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, இழுத்ததும் லேபிளோடு ஒப்பிடுங்கள். தவறி நல்ல டிஸ்க்கை இழுத்தால் இரண்டு டிஸ்க் போன கணக்கு. ரெய்டு 5 அதைத் தாங்காது.