ஒரு வட்டாரத்தின் காலநிலைப் பாதிப்பைக் கணிப்பது எப்படி?

1850 முதல் 1900 வரையான காலத்தோடு ஒப்பிட்டால், 2011–2020 என்ற பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. அந்த ஒற்றை எண்ணுக்குள் நிலப்பரப்பின் 1.6 பாகை உயர்வும், கடற்பரப்பின் 0.9 பாகை உயர்வும், 1979க்குப் பின் உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறிவரும் ஆர்க்டிக் பகுதியும் கலந்து கிடக்கின்றன. ஆகவே உலகச் சராசரியை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றுப்படுகைக்கோ கடற்கரைக்கோ என்ன நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கணிப்பைத் தனியாகத்தான் செய்ய வேண்டும். உள்ளாட்சி அலுவலர்கள், கூட்டுறவுச் சங்கத்தினர், ஆய்வு மாணவர்கள், செய்தியாளர்கள் என இப்பணியை முதன்முறையாக மேற்கொள்வோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

வட்டார அறிக்கைகள் பலவும் வெப்பநிலை வரைபடத்தில் தொடங்கி நேராக இழப்புத் தொகையில் போய் முடிகின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்கும் காடு, மீன், பவளம், பயிர் ஆகியவற்றுக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. கணிப்பு தடம் மாறுவது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. உயிர்களின் தாங்கு வரம்பு எது என்று தெரியாமல், வெப்பத்தையும் பணத்தையும் இணைக்கும் எந்தக் கணக்கும் நிற்காது.

எல்லையை வகுத்தல்

முதலில் வட்டாரத்தின் எல்லையை முடிவு செய்யுங்கள். நிர்வாக எல்லை புள்ளிவிவரம் திரட்டுவதற்கு வசதியானது. ஆனால் தண்ணீரும் மீனும் வணிகமும் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. ஜெர்மனியில் ரைன் ஆற்றின் காவுப் என்ற இடத்தில் ஆறு ஆழமற்றது. 2018இலும் 2022இலும் அங்கே நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தபோது, படகுகள் வழக்கமான சுமையில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றிச் செல்ல முடிந்தது. அதனால் ஆற்றோரத் தொழிற்சாலைகளின் மூலப்பொருள் வரத்து நெடுந்தூரத்துக்குப் பாதிக்கப்பட்டது. அந்தத் தொழிற்சாலைகள் இருக்கும் ஊரின் மழையளவை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது. எனவே உங்கள் வட்டாரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உணவும் மூலப்பொருளும் எந்த வழியாக வருகின்றன, இங்கு விளைவது எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டு, அந்த இடங்களையும் ஆய்வுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடந்த காலத்தை அளத்தல்

ஓரிரு கடுமையான கோடைகளை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியை அடிப்படை அளவாகக் கொள்கிறது. இப்போது நடைமுறையில் உள்ளது 1991–2020. அதையும் அதற்கு முந்தைய 30 ஆண்டுகளையும் ஒப்பிடுவது எளிய தொடக்கம். அளவீட்டு நிலையம் இடையில் இடம் மாற்றப்பட்டதா, சுற்றிலும் கட்டடங்கள் பெருகினவா, கருவி மாறியதா என்பதை நிலையத்தின் பதிவேட்டிலேயே சரிபார்த்துவிடுங்கள். நிலையங்கள் குறைவாக உள்ள பகுதிகளுக்கு, 1940 முதலான தரவைக் கொண்ட ஈஆர்ஏ5 என்ற மீள்பகுப்பாய்வுத் தொகுப்பும் (பழைய அளவீடுகளையும் வானிலைக் கணினி மாதிரியையும் இணைத்து உருவாக்கப்பட்டது), 1972இல் தொடங்கிய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஆண்டுச் சராசரியோடு நின்றுவிட வேண்டாம். உயிர்களுக்கு உறைப்பவை வேறு அளவுகள்: இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, தொடர்ந்து மழையில்லாத நாட்களின் எண்ணிக்கை, மழைப்பருவம் தொடங்கும் நாள், கடுங்குளிர் நீடிக்கும் நாட்கள். வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், ஆண்டு மழையளவு மாறாத இடங்களில்கூட மழை குறைந்த நாட்களில் கொட்டித் தீர்க்கவும், இடைப்பட்ட வறட்சி நீளவும் வாய்ப்புண்டு. மொத்த அளவை மட்டும் பார்ப்பவர் "மாற்றம் ஏதுமில்லை" என்று எழுதிவிடுவார். பயிர் செய்பவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

தாங்கு வரம்பைக் கண்டறிதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தின் பிழைப்புக்கு அடிப்படையாக உள்ள இரண்டு மூன்று உயிரினங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் எந்த நிலையைத் தாண்டினால் தளரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். நெல்லை எடுத்துக்கொண்டால், பூக்கும் நேரத்தில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிப் பதர் கூடும். ஆகவே பருவம் முழுவதற்குமான சராசரியைவிடப் பூக்கும் நாட்களின் பகல் வெப்பநிலையே விளைச்சலைப் பற்றி அதிகம் சொல்லும்.

பவளத்திட்டுகளுக்கு இந்தக் கணக்கு தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. மற்ற உயிரினங்களுக்கு எப்படிக் கணிப்பது என்பதற்கும் அது நல்ல பயிற்சி. குறிப்பிட்ட திட்டில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் நீண்டகாலச் சராசரி நீர்வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட 1 பாகை அல்லது அதற்கு மேல் சூடாக இருந்த வாரங்களை மட்டும் கடந்த 12 வாரங்களில் தேடி, அந்தக் கூடுதல் பாகைகளைக் கூட்டுங்கள். இரண்டு வாரங்கள் 1.5 பாகை கூடுதலாகவும் இரண்டு வாரங்கள் 1 பாகை கூடுதலாகவும் இருந்திருந்தால் கூட்டுத்தொகை 5. இந்தத் தொகை 4ஐத் தொட்டால் வெளிறல் பரவலாகத் தொடங்கும். 8ஐ எட்டினால் பவளங்கள் மடியத் தொடங்கும். வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. தன் திசுவுக்குள் வாழ்ந்து உணவளித்த நுண்பாசிகளை இழந்ததால் அது வெள்ளையாகத் தெரிகிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் திரும்பிப் பவளமும் தேறிவிடும், குளிராவிட்டால் பட்டினியால் மடிந்து, எலும்புக்கூட்டின்மேல் வேறு பாசி படர்ந்துவிடும். ஆகவே வெப்பம் எவ்வளவு என்பதோடு, இரண்டு வெப்ப அலைகளுக்கு இடையே எத்தனை ஆண்டு ஓய்வு கிடைக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் வெளிறியது. விரைவாக வளரும் பவள வகைகளே மீண்டு தழைக்க ஏறத்தாழ பத்தாண்டுகள் வேண்டும் என்னும்போது, இந்த ஆண்டு வரிசை நெஞ்சைப் பதறச் செய்கிறது.

வரம்பு எப்போதும் வெப்பத்தின் மேல்நுனியில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் மரங்களைத் துளைக்கும் வண்டின் புழுக்களைக் கட்டுப்படுத்திவந்தது மைனஸ் 40 பாகையை ஒட்டிச் சில நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர். அத்தகைய குளிர் அரிதானதும், 1990களில் தொடங்கிய வண்டுத் தாக்குதல் ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர் காட்டுக்குப் பரவியது. அங்கே சராசரி வெப்பநிலை உயர்ந்ததைவிட, குளிர்காலத்தின் அடிமட்டம் உயர்ந்ததே முடிவைத் தீர்மானித்தது. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலின் பனி நண்டுகளின் கதை இன்னொரு வகை. இளம் நண்டுகள் 2 பாகைக்கும் குறைந்த அடித்தள நீரில் வாழ்பவை. 2018–2019இல் கடல் சூடானபோது அவற்றைக் கொல்லும் அளவுக்கு வெப்பம் ஏறவில்லை. ஆயினும் உடலின் உணவுத் தேவை பல மடங்கு கூடியதாலும், குளிர்ந்த பரப்பு சுருங்கி அவை நெருக்கமாக அடைபட்டதாலும், பட்டினியே பெரும்பாலானவற்றைக் கொன்றது என்று ஆய்வாளர்கள் முடிவு கண்டனர். ஏறத்தாழ 1,000 கோடி நண்டுகள் மறைந்தன. 2022இல் அங்கே பனி நண்டுப் பிடிப்பு வரலாற்றில் முதன்முறையாக நிறுத்தப்பட்டது. இத்தகைய மறைமுக வழிகளை நூல்களில் தேடுவதோடு நில்லாமல், கடலிலும் வயலிலும் நாள்தோறும் நிற்பவர்களிடம் கேட்டறிய வேண்டும். அவர்கள் கவனித்த வேறுபாட்டில்தான் பல சமயம் முதல் தடயம் கிடைக்கிறது.

காரணங்களைப் பிரித்தல்

கண்ணில் படும் எல்லாச் சீரழிவையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது தவறு. அப்படி எழுதினால் தீர்வும் தவறான இடத்தில் தேடப்படும். ஜகார்த்தா நகரம் கடலில் மூழ்கிவருகிறது என்பது உண்மையே. கடல்மட்ட உயர்வு உலக அளவில் 2006–2018 காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டராக இருக்க, நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அந்நகரின் சில பகுதிகள் ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் கீழே தாழ்ந்திருக்கின்றன. வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் உவர்நீர் உள்ளே புகுவதற்கும் கடல்மட்டத்தோடு மணல் அள்ளுதலும், மேல்நிலை அணைகள் வண்டலைத் தடுப்பதும், நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதும் காரணங்களாகச் சேர்கின்றன. 2021இல் தெற்கு மடகாஸ்கரில் பஞ்சம் தலைதூக்கியபோது, அதைக் காலநிலை மாற்றத்தால் விளைந்த பஞ்சம் என்று பலர் எழுதினர். கடும் வானிலை நிகழ்வுகளில் காலநிலை மாற்றத்தின் பங்கை மதிப்பிடும் வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன் என்ற ஆய்வுக் குழு ஆராய்ந்து, மழைக்குறைவில் காலநிலை மாற்றத்தின் பங்கு சிறிது என்றும், வறுமையும் மானாவாரிச் சாகுபடியை மட்டுமே நம்பியிருந்த நிலையும் மக்களை வீழ்த்தின என்றும் கண்டது. பனாமா கால்வாயில் நாளொன்றுக்கு 36 கப்பல்கள்வரை கடந்துவந்த நிலை மாறி, வறட்சியால் 2024 தொடக்கத்தில் அது 24ஆகக் குறைக்கப்பட்டபோதும், அந்த மழைக்குறைவின் முதன்மைக் காரணம் எல் நினோ (பசிபிக் கடல் அவ்வப்போது இயல்பாகச் சூடேறும் நிகழ்வு) என்று அதே குழு அறிவித்தது. மாறாக, 2018இல் கேப் டவுனைத் தண்ணீரின்றித் தவிக்க விடும் அளவுக்குப் போன வறட்சியின் வாய்ப்பைப் புவி வெப்பமாதல் ஏறத்தாழ மூன்று மடங்காக்கியது என்பது அவர்களின் கணிப்பு.

ஆகவே ஒவ்வொரு பாதிப்புக்கும் மூன்று கேள்விகள் எழுப்புங்கள். ஆபத்து எவ்வளவு வலுத்துள்ளது? அதன் வழியில் எத்தனை பேரும் எவ்வளவு உடைமைகளும் உள்ளன? அவர்கள் எவ்வளவு தளர்ந்த நிலையில் உள்ளனர்? காலநிலை அறிவியலைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளும் இடரை இந்த மூன்றின் கூட்டாகவே கொள்கின்றன. பல இடங்களில் கடைசிக் கேள்விக்கான விடையே உடனடியாக மாற்றக்கூடியதாக இருக்கும்.

பணக் கணக்கு

இப்போதுதான் பொருளாதாரத்துக்கு வர வேண்டும். முதலில் எச்சரிக்கை: தொடக்கத்தில் தெரியும் ஆதாயத்தை நம்பிவிடாதீர்கள். பனியாறுகள் உருகும்போது ஆற்றில் நீர்வரத்து முதலில் கூடி, உச்சம் தொட்டு, பிறகு நிலையாகக் குறைகிறது. பெருவில் சாண்டா ஆற்றுப்படுகை அந்த உச்சத்தை ஏற்கனவே கடந்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பட்ட மரங்களை அவை வீணாகும் முன் வெட்டியதால் மர உற்பத்தி சில ஆண்டுகள் உயர்ந்து, பின்னர் மரம் கிடைக்காமல் அறுப்பு ஆலைகள் மூடப்பட்டன. வளர்ச்சியாகத் தோன்றும் வருமானம் மூலதனத்தைக் கரைத்து வருகிறதா என்று பார்க்காமல் எந்த வரைபடத்தையும் அறிக்கையில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, இழப்பு எந்தெந்தக் கைகளுக்கு நகர்கிறது என்று தொடர்ந்து செல்லுங்கள். நண்டுப் பிடிப்பு நின்றபோது படகு உரிமையாளர்களோடு, பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளர்களும், நண்டு வரியை நம்பி நடந்த அலாஸ்காவின் செயின்ட் பால் தீவு நகராட்சியும் சேர்ந்தே அடிவாங்கினர். சந்தைக்கு வராத பயன்களையும் விட்டுவிடக் கூடாது. பவளத்திட்டு அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைக் கரைக்கு வருமுன் தணித்துவிடுகிறது; அந்தக் காவலுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை என்பதால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதற்கு இடமில்லை. குடும்பத்தின் தேவைக்கு மட்டும் பிடிக்கும் மீனுக்கும், காட்டில் திரட்டும் உணவுக்கும் இதே கதிதான். மறுபுறம், புயலுக்குப் பின் இடிந்ததைக் கட்டும் செலவு உற்பத்தியாகவே பதிவாகிறது. எனவே மொத்தத் தொகைக்குப் பக்கத்தில், எத்தனை குடும்பங்களின் வருமானத்தில் எத்தனை பங்கு போகிறது என்ற அட்டவணையும் இருப்பது கட்டாயம்.

வருங்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி விகிதத்தை வெளிப்படையாக எழுதுங்கள். 50 ஆண்டுகளுக்குப் பின் வரும் 100 அலகு இழப்பு, ஆண்டுக்கு 1.4 விழுக்காடு விகிதத்தில் இன்று ஏறத்தாழ 50 அலகாகவும், 5 விழுக்காட்டில் 9 அலகுக்கும் குறைவாகவும் சுருங்குகிறது. பேரப்பிள்ளைகளின் இழப்புக்கு நாம் தரும் மதிப்பு இந்த ஓர் எண்ணில் அடங்கியிருப்பதால், அதைப் பின்னிணைப்பில் மறைத்து வைப்பதை நான் ஏற்பதில்லை. இரண்டு விகிதங்களுக்கான விடைகளையும் அருகருகே தருவதே நேர்மை.

வருங்காலத்தை எழுதுதல்

ஐ.பி.சி.சி.யின் ஊடாடும் வரைபடத்தொகுப்பிலிருந்து உங்கள் பகுதிக்கான கணிப்புகளை எடுக்கலாம். ஒரே ஒரு காலநிலைக் கணினி மாதிரியின் விடையை நம்பாமல் பல மாதிரிகளின் வீச்சைத் தாருங்கள். பசுமைக்குடில் வாயு உமிழ்வு மிக அதிகமாக இருக்கும் சூழ்நிலையை "இப்படியே போனால் நடக்கப்போவது" என்று குறிப்பிடுவதைத் தவிர்த்து, இடைநிலைச் சூழ்நிலை ஒன்றையாவது அதனுடன் சேர்த்துக் காட்டுங்கள். பிறகு முன்பு எழுதிவைத்த தாங்கு வரம்புகளை அந்த வீச்சின்மீது பொருத்தி, எந்தப் பத்தாண்டில் எது மீறப்படும் என்று குறியுங்கள். உலகம் 1.5 பாகை சூடானால் வெப்பமண்டலப் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 பாகையில் 99 விழுக்காட்டுக்கு மேலும் அழியும் என்ற 2018ஆம் ஆண்டுக் கணிப்பு, இவ்வாறு வரம்பையும் வெப்பத்தையும் பொருத்தியதால் கிடைத்ததே.

ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில், அது அளவீட்டில் கண்டதா, மாதிரியில் கணித்ததா, நேரில் கேட்டறிந்ததா என்று குறித்துவிடுங்கள். அறிக்கையைத் திருத்தும் காலத்தை ஆண்டுக்கணக்கில் நிர்ணயிப்பதைவிட, அளவீட்டோடு கட்டிவைப்பது பயன் தரும்: கிணற்று நீரின் உப்பு இந்த அளவைத் தாண்டினால், பூக்கும் பருவத்தில் 35 பாகையைக் கடந்த நாட்கள் இத்தனையானால், மீன்பிடிப்பு தொடர்ந்து இத்தனை பருவம் குறைந்தால் உடனே கணிப்பை மறுபடி செய்ய வேண்டும் என்றும், அந்த அளவீட்டை யார் எடுப்பார், யாரிடம் தெரிவிப்பார் என்றும் பெயர் சொல்லி எழுதிவைக்க வேண்டும்.