கெமிக்கல் இன்ஜினியரிங் சேரப் போறீங்களா? கடலூர், பாண்டி பசங்க வழக்கமா பண்ற தப்புங்க

முதல் தப்பு சேரும்போதே நடந்துடுது. பிளஸ் டூ கெமிஸ்ட்ரில நல்ல மார்க், ஆர்கானிக் எல்லாம் தண்ணி பட்ட பாடு, அதனால கெமிக்கல் எடுத்துக்கறேன்னு வர்ற பசங்க தான் மூணாவது செமஸ்டர்ல திருதிருன்னு முழிக்கிறாங்க. இந்த டிகிரில கெமிஸ்ட்ரி கம்மிங்க. எதையும் எதையும் சேத்தா என்ன வரும்னு கண்டுபுடிக்கறது கெமிஸ்ட் வேலை, அது லேப்ல ஒரு குடுவைல வந்துடுச்சுன்னா அதையே தினம் நூறு டன் கணக்குல, சூடு கை மீறாம, பைப்பு அடைக்காம, காசும் கட்டுபடியாகற மாதிரி எப்படி ஓட்டறதுன்னு பாக்கறது தான் நம்ம வேலை. அதனால ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர், மாஸ் டிரான்ஸ்ஃபர், தெர்மோடைனமிக்ஸ், ரியாக்‌ஷன் இன்ஜினியரிங், ப்ராசஸ் கன்ட்ரோல்னு பாதிக்கு மேல பிசிக்ஸும் கணக்கும் தான். கணக்குன்னா காய்ச்சல் வர்றவங்க இங்க வந்து தப்பிக்க முடியாது, அத மட்டும் வீட்ல முன்னாடியே பேசிடுங்க.

அடுத்தது காலேஜ் குழப்பம். இது நம்ம ஏரியாவுக்குன்னே இருக்கற குழப்பம். சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டி 1929ல ஆரம்பிச்சது, 2013ல அரசு எடுத்துக்கிச்சு, அங்க கெமிக்கல் டிபார்ட்மென்ட் இருக்கு. சென்னைல இருக்கற அண்ணா யுனிவர்சிட்டி வேற, பேர் பாதி ஒண்ணா இருக்குன்னு ரெண்டையும் ஒண்ணாக்கற பெரியவங்க இன்னும் இருக்காங்க. பாண்டி பக்கம் வந்தா இன்னும் மோசம். காலாப்பட்டுல இருக்கறது பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி, அது சென்ட்ரல். அதே ஈசிஆர் ரோட்டுல பிள்ளைச்சாவடில இருக்கறது புதுச்சேரி டெக்னாலஜிகல் யுனிவர்சிட்டி, பழைய பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ் தான் 2020ல யுனிவர்சிட்டி ஆச்சு. பி.டெக் கெமிக்கல் வேணும்னா பிள்ளைச்சாவடில இருக்கறது தான். அப்புறம் தமிழ்நாட்டு கவுன்சலிங் வேற, பாண்டி சென்டாக் வேற. ஒண்ணுல அப்ளை பண்ணா இன்னொண்ணுலயும் போட்ட மாதிரின்னு நெனச்சு கடைசி தேதிய கோட்டை விட்றவங்க இருக்காங்க. கடலூர்ல இருந்து பாண்டி அரை மணி ஒரு மணி நேர பஸ் தான், ஆனா ரெசிடென்ஸ் சர்டிஃபிகேட் விஷயத்துல அது வேற நாடு மாதிரி. அம்மா ஊர் பாகூர்னு சொன்னா மட்டும் பாண்டி கோட்டா வந்துடாது, விதிமுறைய அந்தந்த வருஷ புக்லெட்ல பாத்துக்கோங்க.

சேந்தாச்சு. இப்ப பெரிய தப்புக்கு வரேன். ப்ராசஸ் கால்குலேஷன்ஸ்னு ஒரு பேப்பர் ரெண்டாவது வருஷம் வாக்குல வரும், சில இடத்துல ஸ்டாய்க்கியோமெட்ரின்னு பழைய பேர்லயே கூப்பிடுவாங்க. பாக்க ஈஸியா இருக்கும், கூட்டல் கழித்தல் தானேன்னு பசங்க அலட்சியமா விட்டுட்டு தெர்மோவுக்கு பயந்துட்டு உக்காந்திருப்பாங்க. ஆனா இந்த நாலு வருஷமும் நிக்கறது அந்த ஒரு பேப்பர் மேல தான். உள்ள எவ்ளோ போச்சு, வெளிய எவ்ளோ வந்துச்சு, மிச்சம் எங்க, இவ்ளோ தான் கேள்வி, இதுக்குப் பேர் தான் மாஸ் பேலன்ஸ். இதுல தடுமாறினா டிஸ்டிலேஷன் டவரும் புரியாது, ரியாக்டரும் புரியாது.

ஒரு கணக்கு பாருங்க, நம்ம ஊர் கணக்கே போடலாம். நெய்வேலி லிக்னைட்ல ஏறக்குறைய பாதி ஈரம் தான். 50 பர்சன்ட்னே வெச்சுக்கோங்க. 100 கிலோ எடுத்து 20 பர்சன்ட் ஈரத்துக்கு காய வெக்கணும், எவ்ளோ தண்ணி போகணும்? கிளாஸ்ல கேட்டா பாதி பேர் யோசிக்காம 30 கிலோம்பாங்க, அம்பதுல இருபது போனா முப்பது. தப்பு. தண்ணி போகப் போக மொத்த வெயிட்டும் கொறையுது இல்லையா, அப்புறம் அந்த 20 பர்சன்ட் எதோட 20? மாறாம இருக்கறத புடிங்க, அது காஞ்ச கரி, 50 கிலோ. கடைசில இந்த 50 கிலோ மொத்தத்துல 80 பர்சன்ட்டா இருக்கணும், அப்ப மொத்தம் 62.5 கிலோ. போன தண்ணி 37.5 கிலோ. ஏழரை கிலோ வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா மணிக்கு நூறு டன் காய வெக்கற டிரையருக்கு இதே தப்பு பண்ணீங்கன்னா ஏழரை டன் தண்ணிய ஆவியாக்க வேண்டிய சூட்ட கணக்குலயே சேக்கலன்னு அர்த்தம், டிரையர் சைஸே பத்தாது. பேசிஸ் எது, அதாவது எத்தனை கிலோவ வெச்சு கணக்கு போடறோம்னு எழுதாம கணக்கு ஆரம்பிக்கற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க.

இதோட தம்பி தான் யூனிட் தப்பு. கேஜ் பிரஷரா அப்சல்யூட் பிரஷரான்னு பாக்காம போடறது. பிரஷர் கேஜ் 2 பார் காட்டுதுன்னா உள்ள நெஜமா இருக்கறது சுமார் 3 பார், வெளிய இருக்கற காத்தோட ஒரு பார் அந்த முள்ளுக்கு தெரியாது. 27 டிகிரின்னு குடுத்தா 300 கெல்வின்னு மாத்தாம கேஸ் ஈக்குவேஷன்ல போடறது, கேஸ் கான்ஸ்டன்ட் 8.314 போட்டுட்டு பிரஷர அட்மாஸ்பியர்ல விடறது, மோல் பர்சன்ட்ட வெயிட் பர்சன்ட்டா எடுத்துக்கறது. விடை வந்ததும் இது நடக்கற காரியமான்னு ஒரு செகண்ட் பாருங்க. ஒரு சாதா பம்புக்கு 4,000 கிலோவாட்னு விடை வந்தா அது பம்பு இல்ல, எங்கயோ ஒரு ஆயிரம் தவறி இருக்கு.

அரியர் பத்தி நீளமா சொல்ல வேண்டியதில்ல, எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு மட்டும், இங்க பேப்பருங்க சங்கிலி மாதிரி கோத்து இருக்கு, தெர்மோல அரியர் வெச்சுட்டு மாஸ் டிரான்ஸ்ஃபர் படிச்சா அங்கயும் ஒண்ணு விழும், ஏன்னா ஈக்விலிப்ரியம் கர்வ் எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியாது. முடிச்சிடலாம் முடிச்சிடலாம்னு தள்ளாதீங்க.

லேப். இங்க நடக்கறத பாத்தா சிரிப்பு வரும், கொஞ்சம் கோவமும் வரும். சீனியர் ரெக்கார்ட வாங்கி ரீடிங்க மாத்தி எழுதறது பரம்பரை பரம்பரையா நடக்குது. தண்ணி ஓட்டத்த அளக்கற வெஞ்சுரி மீட்டர்ல கோஎஃபிஷியன்ட் (நெஜ ஓட்டத்துக்கும் கணக்குல வர்ற ஓட்டத்துக்கும் உள்ள விகிதம்) 0.98 பக்கம் வரணும், ஆரிஃபிஸ்ல 0.6 சொச்சம் வரணும்னு மனப்பாடமா தெரியும், அதனால விடைல இருந்து பின்னாடி போய் ரீடிங் தயார் பண்றாங்க. அப்புறம் எப்ப தான் நெஜமா 1.1 வந்தா ஏன் வந்துச்சுன்னு யோசிக்கறது? மானோமீட்டர் டியூப்ல காத்துக் குமிழி இருந்துச்சா, கலெக்டிங் டேங்க்ல டைம் தப்பா எடுத்தோமா, இத தேடறது தான் அந்த எக்ஸ்பெரிமென்ட்டே. ப்ளான்ட்ல போய் நிக்கும்போது இதே தேடற வேலை தான் சம்பளத்துக்கு குடுப்பாங்க. ஹீட் எக்ஸ்சேஞ்சர் எக்ஸ்பெரிமென்ட்ல இன்னொரு தப்பு, வால்வ திறந்து ரெண்டு நிமிஷத்துல டெம்பரேச்சர குறிச்சிட்டு கேன்டீன் போறது. ஸ்டெடி ஸ்டேட் வரட்டும். ரெண்டு மூணு தடவ பாத்து அதே டெம்பரேச்சர் நின்னா தான் ரீடிங், இல்லன்னா நீங்க அளந்தது எதுவுமே இல்ல.

இன்பிளான்ட் டிரெயினிங் தான் எனக்கு ரொம்ப ஆதங்கம். மத்த ஊர் பசங்க பஸ் ஏறி நாள் கணக்கா போய் பாக்கறத நம்ம வாசல்லயே வெச்சிருக்கோம், ஆனா பசங்க எங்கயோ ஒரு இடத்துல காசு கட்டி சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிட்டு வர்றாங்க. கடலூர் சிதம்பரம் ரோட்டுல பஸ்ல போனா சிப்காட் வரும்போது கண்ணாடிய சாத்துவோமே, அந்த ரெண்டு பக்கமும் ஒரு டெக்ஸ்ட் புக்கே நிக்குது. டான்ஃபாக்ல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் பண்றாங்க, ஃப்ளோர்ஸ்பார்ல சல்ஃப்யூரிக் ஆசிட் சேத்தா அது வரும், கூடவே கால்சியம் சல்ஃபேட் வரும், அந்த சல்ஃபேட் எங்க போகுதுன்னு கேக்கறவன் பாதி மாஸ் பேலன்ஸ் முடிச்சிட்டான். கெம்பிளாஸ்ட் சன்மார்ல பிவிசி, அதோட மூலப்பொருள் வினைல் குளோரைடு மைனஸ் 13 டிகிரிலயே கொதிக்கிற ஆள், அத எப்படி லிக்விடா வெச்சிருக்காங்க, ரியாக்டர்ல கிளம்பற சூட்ட எப்படி எடுக்கறாங்கன்னு கேட்டா ரெண்டு சாப்டர் ஓடிடும்.

டிரெயினிங் சீட்டு கெடைக்கறது கஷ்டம் தான், ஒத்துக்கறேன், கேட்ல நிக்க வெச்சு அனுப்பிடற இடங்களும் உண்டு. டிபார்ட்மென்ட் லெட்டரோட, செமஸ்டர் லீவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிப் போட்டா வழி பொறக்கும், லீவு விட்ட அன்னிக்கு போய் நின்னா பொறக்காது. நெல்லிக்குப்பம் சுகர் மில்லுக்கு போறவங்க கரும்பு அரவை நடக்கற சீசன்ல போங்க. அரவை இல்லாத நேரத்துல போனா கழட்டிப் போட்ட பம்பையும் பெயின்ட் அடிக்கறவரையும் தான் பாப்பீங்க. அரவை ஓடும்போது எவாப்பரேட்டர் வரிசை பக்கத்துல போய் நில்லுங்க. கரும்புச்சாறு 15 பிரிக்ஸ்ல (100 கிலோ சாறுல 15 கிலோ கரைஞ்ச சர்க்கரைச் சரக்குன்னு அர்த்தம்) உள்ள வந்து 60 பிரிக்ஸ் சிரப்பா வெளிய போகுதுன்னு வெச்சா, 100 கிலோ சாறுல 75 கிலோ தண்ணி ஆவியாகணும். அத்தனைக்கும் தனியா ஸ்டீம் குடுத்தா மில்லு கட்டுபடியாகாது. அதனால மொத பாத்திரத்துல கிளம்பற ஆவியே ரெண்டாவது பாத்திரத்துக்கு ஸ்டீம், ரெண்டாவதோடது மூணாவதுக்கு, பிரஷர் மட்டும் ஒவ்வொண்ணா கொறஞ்சிட்டே போகும், அதனால கம்மி சூட்லயே கொதிக்கும். நாலு பாத்திரம் இருந்தா ஒரு கிலோ ஸ்டீமுக்கு நாலு கிலோவுக்கு கொஞ்சம் கம்மியா தண்ணி போகும். இத 1840கள்லயே ரில்லியூன்னு ஒருத்தர் பேடன்ட் வாங்கிட்டார், அதுவும் சர்க்கரைக்காக தான். போர்டுல ஒரு வாரம் நடத்தினாலும் ஏறாதது அங்க கால் மணி நேரத்துல ஏறும். போனா ஒரே ஒரு லைன புடிச்சுக்கோங்க, அது எந்த டேங்க்ல கிளம்பி எந்த பம்பு, எந்த வால்வு வழியா எங்க முடியுதுன்னு பேப்பர்ல வரஞ்சுட்டு வாங்க. செல்ஃபி எடுக்க ஃபோன் உள்ள விட மாட்டாங்க, அதுவும் நல்லது தான்.

சேஃப்டி, என்விரான்மென்ட் பேப்பர கடைசி நாள் மனப்பாடம் பண்ற பேப்பரா பாக்கறாங்க பாருங்க, இந்த ஊர்ல பொறந்துட்டு அப்படி பாக்கறத என்னால ஏத்துக்க முடியல. சிப்காட்ட சுத்தி குடிகாடு, ஈச்சங்காடுன்னு ஊருங்க இருக்கு, உப்பனாறு ஓடுது, நம்ம சொந்தக்காரங்க தான் அங்க இருக்காங்க. 1984 டிசம்பர்ல போபால்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா வால்வு லீக்குன்னு ஒரு வரில முடிப்பாங்க. எம்ஐசி (மெத்தில் ஐசோசயனேட்ங்கற விஷப் பொருள்) டேங்க்ல தண்ணி போச்சு, அதோட ரெஃப்ரிஜரேஷன முன்னாடியே நிறுத்தி வெச்சிருந்தாங்க, வெளிய வர்ற வாயுவ எரிக்கற ஃப்ளேர் லைன கழட்டி வெச்சிருந்தாங்க, வாயுவ கழுவி எடுக்கற ஸ்க்ரப்பர் வேலை செய்ற நிலைல இல்ல. ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தணும்னு வெச்ச அத்தனையும் ஒரே நேரத்துல இல்லாம போச்சு. இத அஞ்சு மார்க் கேள்வியா படிக்காதீங்க. ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் தோல்ல பட்டா மொதல்ல வலி கூட தெரியாம உள்ள எறங்கும், அதுக்கு தண்ணில நல்லா கழுவி கால்சியம் குளுகோனேட் ஜெல் போடணும், இதெல்லாம் டிரெயினிங் போற முதல் நாளே தெரிஞ்சிருக்கணும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். வாழைப்பழத் தோல், மெத்திலீன் ப்ளூ. போதும் சாமி. தோல காய வெச்சு, பொடி பண்ணி, சாயத் தண்ணில போட்டு, கலர் கொறஞ்சுதுன்னு எழுதி எத்தனை பேட்ச். அதுக்கும் மேல ஒரு கூட்டம் கடைல காசு குடுத்து ரெடிமேடா வாங்குது, வைவால எக்ஸ்டர்னல் ரெண்டாவது கேள்வி கேட்டதும் தெரிஞ்சுடும். பண்ருட்டில முந்திரி ஓடு மலை மாதிரி குவியுது, அந்த ஓட்டு எண்ணெய சூடு பண்ணா அனகார்டிக் ஆசிட்ல இருந்து கார்டனால் வரும், பெயின்ட்டு, ரெசின், பிரேக் லைனிங் வரைக்கும் போற சரக்கு. அதுல ஒரு எக்ஸ்ட்ராக்‌ஷன், ஒரு சின்ன டிசைன், செலவுக் கணக்கு எல்லாம் பண்ணலாம், மூலப்பொருள் பஸ் தூரத்துல இருக்கு. சிமுலேஷன் பண்ணணும்னா லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர கிராக் பண்ணி தேடாதீங்க, டிடபிள்யூசிம் ஃப்ரீயாவே கெடைக்குது, ஐஐடி பாம்பே ஃபாஸ்ஸி டீம் அதுல ஃப்ளோஷீட் செஞ்சு குடுக்கற மாணவர்களுக்கு சர்டிஃபிகேட்டும் சின்ன தொகையும் குடுக்கறாங்க. அத ரெஸ்யூம்ல போட்டா கேள்வி கேப்பாங்க, பதில் சொல்ல விஷயமும் இருக்கும்.

வேலை விஷயத்துல ஒரே கம்பெனிய நம்பி கணக்கு போடறது பெரிய தப்பு. கடலூர்ல நாகார்ஜுனா ரிஃபைனரி வருது, ஊரே மாறப் போகுதுன்னு ஒரு காலத்துல எல்லாரும் பேசினாங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கட்டிட்டிருந்ததே அடி வாங்கி, வேலை நின்னு, கம்பெனி லிக்விடேஷனுக்கே போச்சு. வர்ற ப்ளான்ட்ட வெச்சு டிகிரி எடுக்காதீங்க, ஃபார்மா, பெயின்ட், சர்க்கரை, உரம், தண்ணி சுத்திகரிப்பு, டிசைன் ஆபீஸ்னு இந்த டிகிரிக்கு நெறைய கதவு இருக்கு. பொண்ணுங்கள ஷிஃப்ட்டு, புகைன்னு பயமுறுத்தி வேற பிரான்ச்சுக்கு தள்ற பெரியப்பாக்களும் இத கேட்டுக்கோங்க, கன்ட்ரோல் ரூம், ப்ராசஸ் டிசைன், ஆர் அண்ட் டி, சேஃப்டி ஸ்டடின்னு அத்தனை இடத்துலயும் பொண்ணுங்க இருக்காங்க.

ஐடிக்கு போறது தப்பே இல்ல, ஆனா கோர் வேலையே கெடைக்காதுன்னு மொத வருஷமே முடிவு பண்ணி பாடத்த விடறது தப்பு. எம்.டெக் சேர எழுதற கேட் (GATE) எக்ஸாம மூணாவது வருஷத்துலயே எழுதலாம், ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், சில பொதுத்துறை கம்பெனிங்கள்ல அத வெச்சு ஆள் எடுப்பாங்க. 65 கேள்வி, 100 மார்க், அதுல 15 மார்க் ஆப்டிட்யூட், அத தொடாம விட்டுட்டு மாஸ் டிரான்ஸ்ஃபரையே கட்டிட்டு அழறவங்க நெறைய. இன்னொண்ணு, அங்க உங்க கால்குலேட்டர உள்ள விட மாட்டாங்க, ஸ்க்ரீன்ல மவுஸால தட்டற கால்குலேட்டர் தான், நாலு வருஷம் கைல ஃபாஸ்ட்டா தட்டிப் பழகினவன் அதுல தடவிட்டு இருப்பான், அதனால மாக் டெஸ்ட்ட மொதல்ல இருந்தே அந்த ஸ்க்ரீன் கால்குலேட்டர்லயே போட்டுப் பழகுங்க.