வாடகை பாக்கி: பூட்டில் கை வைக்கும் முன்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ வங்கிக் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைக் கொண்டே மாதத் தவணையைக் கட்டி வருபவருக்கு, ஒரு மாதம் பணம் வராமற்போனாலே கணக்கு இடிக்கும். மூன்றாம் மாதமும் வராதபோது, ஆள் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதைச் செய்யக் கூடாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் வீட்டிலேயே இருந்தால், நீதிமன்ற நடவடிக்கை வழியாக அன்றி வேறு வழியில் வீட்டை மீட்கக் கூடாது என்று 1950ஆம் ஆண்டு ‘ஸ்பெசிஃபிக் ரிலீஃப்’ சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு சொல்கிறது. மின்சாரத்தைத் துண்டிப்பதும், நிர்வாக அலுவலகத்தில் சொல்லி நுழைவு அட்டையை முடக்குவதும் அதே கணக்கில்தான் சேரும். பாக்கி வைத்தவர் நம் மீது நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடும் நிலையை நாமே உண்டாக்கிக்கொள்வோம். காவல் நிலையத்திற்குப் போனாலும் பயன் குறைவு, ஏனெனில் வாடகை பாக்கி சிவில் விவகாரம். புகாரைப் பதிவு செய்துகொள்வார்களே தவிர ஆளை வெளியேற்ற வர மாட்டார்கள்.

பினாங்கில் வயதானவர்கள் சிலர், வாடகைக்குக் குடியேறியவரை வெளியேற்றவே முடியாது என்று இன்றும் சொல்வதுண்டு. அது ஜார்ஜ்டவுன் கடைவீடுகளுக்கு இருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விட்டுச் சென்ற அச்சம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களைக் காத்த அச்சட்டம் 1997இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தால் ஒழிந்தது. 2000 ஜனவரி முதல் அதன் பிடி இல்லை. இன்று வெளியேற்ற முடியும், ஆனால் காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, கணக்கை எழுத்தில் கொண்டுவருவது. வாடகையை 555 என்ற சிறு குறிப்புப் புத்தகத்தில் குறித்து வைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது நமக்கு நினைவூட்டுமே தவிர, எதிராளியின் ஒப்புதல் ஆகாது. எந்த மாதம், எந்தத் தேதிக்குள் வர வேண்டியது, எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, அதனுடன் வங்கிக் கணக்கு அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் முத்திரைக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி, முத்திரையிடப்படாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரையிடத் தவறியவர்கள் தண்டத்தொகையோடு சேர்த்துக் கட்டி அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

வாடகைத் தேதி கடந்து ஒரு வாரத்திற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போக வேண்டும். கோபம் அதில் வேண்டாம். “வணக்கம் தம்பி. ஜூலை மாத வாடகை 1,200 வெள்ளி இன்னும் வந்து சேரவில்லை. ஜூன் மாதத்தில் 400 வெள்ளி நிற்கிறது. மொத்தம் 1,600. எந்தத் தேதியில் கட்டுவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.” இவ்வளவு போதும். “ஆமாங்கண்ணே, பாக்கிதான், போனஸ் வந்ததும் கட்டிடுறேன்” என்று பதில் வந்தால், அந்த ஒரு வரி கடனை ஒப்புக்கொண்ட எழுத்து. அதைப் பத்திரப்படுத்த வேண்டும். நான் ஒருமுறை இதையெல்லாம் குரல் செய்தியிலேயே பேசி முடித்துவிட்டு, பிறகு வழக்கறிஞர் கேட்டபோது ஒவ்வொன்றையும் கேட்டு எழுதி, மலாயில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. தமிழில் பேசிக்கொள்வதில் தவறில்லை, ஆனால் பணத்தையும் தேதியையும் எண்களாக எழுதிவிடுவது நல்லது. முறையான கோரிக்கைக் கடிதமோ மலாயிலேயே இருக்கட்டும்.

அந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் வைப்புத்தொகைதான். மாதம் 1,200 வெள்ளி வாடகை என்றால், வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகையும், தண்ணீர், மின்சாரத்திற்கு அரை மாதமும் சேர்ந்து நம் கையில் இருப்பது 3,000 வெள்ளி. மூன்றாம் மாதம் முடியும்போது பாக்கி 3,600 ஆகிவிடும். சேதம் ஏதுமிருந்தால் அது வேறு. இரண்டாம் மாத வாடகை தவறியதுமே, ஒப்பந்தத்தில் சொல்லியுள்ள கால அவகாசம் கொடுத்து, பணம் வராவிட்டால் ஒப்பந்தம் முறியும் என்று தெளிவாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் திரும்பி வரும் ஏ.ஆர். பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவதே என் ஆலோசனை. வழக்கறிஞரின் கடிதத்தாளில் போனால் மரியாதை இன்னும் கூடும்.

ஒப்பந்தம் முறிந்ததாக அறிவித்த பின் வரும் பணத்தை, ‘இம்மாத வாடகை’ என்று எழுதி ரசீது கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தம் தொடர்கிறது என்று வாதிட அது இடம் தரும். பழைய பாக்கிக்காக, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றது என்று எழுதுங்கள். முறிந்த பின்னும் ஒருவர் வீட்டைக் காலி செய்யாமல் இருந்தால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4)ஆம் பிரிவின்படி, அவர் வெளியேறும் நாள்வரை இரட்டை வாடகை கேட்கலாம் என்பதையும் கடிதத்தில் குறிப்பிட்டுவிட்டால், பலருக்கு அந்த வரியே நிலைமையை உணர்த்திவிடும்.

நீதிமன்றம் என்று வந்துவிட்டால், எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்: பணமா, வீடா. ஆள் ஏற்கெனவே போய்விட்டு, பாக்கி 5,000 வெள்ளிக்கு மேற்போகாமல் இருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே நாமே தொடுக்கலாம். தீவில் இருப்பவர்களுக்கு அது லெபோ லைட்டில். ஆள் இன்னும் உள்ளே இருந்து, வீட்டில் மதிப்புள்ள பொருள்களும் இருந்தால், 1951ஆம் ஆண்டு ‘டிஸ்ட்ரெஸ்’ சட்டத்தின் கீழ், பாக்கிக்காக அப்பொருள்களைக் கைப்பற்ற ஆணை கேட்கலாம். எதிராளிக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலே விண்ணப்பிக்க முடிவதும், பெய்லிப் எனும் நீதிமன்ற அலுவலர் வந்து பொருள்களைக் கைப்பற்றி, பாக்கி கட்டப்படாவிட்டால் ஏலத்தில் விற்பதும் இதன் பலம். விண்ணப்பத்திற்கு முந்தைய 12 மாத பாக்கிக்கு மேல் இவ்வழியில் கிடைக்காது. பொருள் தன்னுடையது என்று வேறொருவர் வந்து கேட்கவும் வழியுண்டு. முக்கியமாக, வீடு நம் கைக்கு வராது. பழைய சோபாவுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்திற்கும் ஏலத்தில் என்ன கிடைத்துவிடும்? கடைவீட்டை வாடகைக்கு விட்டவருக்குத்தான் இது அதிகம் பொருந்தும் என்பேன்.

வீட்டை மீட்கும் வழக்கை செஷன்ஸ் நீதிமன்றம் தொகை வரம்பின்றி விசாரிக்கலாம். இதை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். தீர்ப்புக் கிடைத்தாலும் பூட்டைத் திறப்பது பெய்லிப்பின் வேலை, நம்முடையது அன்று. வாடகை பாக்கிக்கு வழக்குத் தொடுக்க 6 ஆண்டுகள் அவகாசம் இருப்பதால், முதலில் வீட்டை மீட்டுவிட்டுப் பணத்தைப் பிறகு துரத்தவும் முடியும்.

ஆனால் வேலை இழந்த ஒருவர் உண்மையிலேயே கட்ட முடியாமல் இருக்கிறார் என்றால், ஒரு மாத பாக்கியை விட்டுக்கொடுத்து, குறித்த நாளில் சாவியை வாங்கிக்கொள்வது வழக்குச் செலவை விடக் குறைவாகவே முடியும். அப்படிப் பேசி முடித்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை வெள்ளி கழிக்கப்பட்டது, எத்தனை நிற்கிறது, எந்த நாளில் வெளியேறுகிறார் என்று. அன்று இருவரும் சேர்ந்து மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்து, அறை அறையாகப் பார்த்து, வீட்டுச் சாவியோடு நுழைவு அட்டையையும் கார் ஸ்டிக்கரையும் எண்ணி வாங்கிய பிறகு, அந்த அட்டையை முடக்கும்படி நிர்வாக அலுவலகத்தில் சொல்லலாம்.