வளைவு ப்ளர்: நானும் செய்த, இன்றும் பலர் செய்கிற தவறுகள்

திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதுதான் என் வேலை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் எடுத்த ப்ரீ வெட்டிங் படம் ஒன்றில், நின்றுகொண்டிருந்த ஆட்டோவை, ஃபோட்டோஷாப்பில் ப்ளர் (நகர்ந்தது போல் தெரியவைக்கும் கலங்கல்) போட்டுத் திருப்பத்தில் பறக்கிற மாதிரி ஆக்கிக்கொண்டுவந்து காட்டினார். பல வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு, அதே இடத்தில். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். சாதாரண மோஷன் ப்ளர் நேர்கோட்டில் மட்டும்தான் இழுக்கும், வளைவுக்கு ஆகாது என்பதெல்லாம் ஒரே நாளில் தானாகத் தெரிந்துவிடும், அதை விட்டுவிடலாம்.

ஆட்டோவைப் பின்னணியிலேயே விட்டுவிட்டு ப்ளர் போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். எல்லாரும் செய்வது என்ன? லேயரை, அதாவது படத்தின் அடுக்கை, நகல் எடுப்பார்கள், மேல் லேயரில் ஆட்டோவை மட்டும் மாஸ்க் போட்டு (மற்றதை மறைத்து) வெட்டி வைப்பார்கள், கீழ் லேயருக்கு அப்படியே பாத் ப்ளர், அதாவது நாம் வரைகிற வளைகோட்டின் வழியே இழுக்கிற ப்ளர், போடுவார்கள். ஆனால் கீழ் லேயரில் அந்த ஆட்டோ இன்னும் இருக்கிறது. அதன் மஞ்சள் முழுக்க ரோட்டின் மேலும் வானத்தின் மேலும் தீற்றிக்கொள்ளும். மேலே இருக்கிற ஆட்டோ தன் உருவம் அளவுக்குத்தான் அதை மறைக்கும், வெளியே வழிந்த மஞ்சளை எப்படி மறைக்கும்?

நேர் ப்ளரில் இந்தக் கசிவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீள்வதால் சில சமயம் கண்ணை ஏமாற்றிவிடும். வளைவில் அது வாழைப்பழத் தோல் மாதிரி ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போகும், ஆட்டோவின் கூரைக்கு மேலே ஒரு பிறை வடிவத்தில் தனியாகத் தெரியும்.

நான் செய்த படம் ஆல்பத்தின் நடுப்பக்கம். 12க்கு 36 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்சல் (300 டிபிஐ) என்றால் 10,800க்கு 3,600 பிக்சல். என் மானிட்டர் 1,920 பிக்சல் அகலம்தான், முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கிப் பார்த்தபோது 17 சதவீதத்தில் பார்த்திருக்கிறேன், கசிவு வெளிச்சம் மாதிரி தெரிந்தது, அழகாகக்கூட இருந்தது. பிரிண்ட் ஆகி பைண்டிங்கும் முடிந்து ஆல்பம் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கல்யாணப் பெண் போன் செய்து, "அண்ணா, ஆட்டோவைச் சுத்தி ஏன் மஞ்சளா ஏதோ படிஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அந்த வகை ஆல்பத்தில் ஷீட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டியிருப்பார்கள், ஒன்றை மட்டும் உருவி மாற்ற வழியில்லை. முழு ஆல்பத்தையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்த மாசம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினேன்.

யோசித்துப் பாருங்கள், ப்ளர் என்பது ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் எது நகர்ந்தது என்பதற்கான சாட்சி. ஆட்டோவோடு கூடவே கேமராவும் திரும்பிக்கொண்டு போனால் ஃப்ரேமுக்குள் ஆட்டோ நகரவே இல்லை, பின்னணிதான் நகர்கிறது. நகராத பொருளின் நிறம் எப்படி இழுபடும்? இழுபட்டிருந்தால் பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் போலி என்று உடனே பட்டுவிடும்.

சரி, செய்ய வேண்டியது இது. மேல் லேயரில் ஆட்டோவை வெட்டி முடித்ததும் அதே செலக்‌ஷனைப் பதினைந்து இருபது பிக்சல் விரித்து, கீழ் லேயரில் கன்டென்ட் அவேர் ஃபில் (சுற்றியிருப்பதைப் பார்த்துத் தானே நிரப்புகிற வசதி) போட்டு ஆட்டோவை அழித்துவிடுங்கள். 2010-இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்5-லிருந்தே அது இருக்கிறது. நிரப்பியது அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, ரோட்டுப் பக்கம் ரோடு நிறமும் மரத்துப் பக்கம் மரத்தின் நிறமும் இருந்தால் போதும், மிச்சத்தை ப்ளர் பார்த்துக்கொள்ளும். ஆட்டோவுக்கு அடியில் விழுகிற நிழலை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது ஆட்டோவோடு சேர்ந்தது, மேல் லேயரில்தான் இருக்க வேண்டும், கீழே விட்டால் வண்டி தரையிலிருந்து எழும்பி மிதக்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பாத் ப்ளர்.

கசிவு வந்த பிறகு மாஸ்க்கைக் கொஞ்சம் பெரிதாக்கி மூடப் பார்க்கிறார்கள். செய்யாதீர்கள். ஆட்டோவைச் சுற்றிக் கலையாத பழைய ரோடு ஒரு விளிம்பாக ஒட்டிக்கொண்டு வரும், இரண்டு தப்பாகிவிடும்.

சக்கரத்தைத் தட்டு மாதிரி ஆக்குவது

பின்னணி ஓடுகிறது, சக்கரம் நிற்கிறது என்றால் படம் செத்துவிடும், அதனால் ஸ்பின் ப்ளர் (சுழற்சியைக் காட்டுகிற ப்ளர்) போடுகிறார்கள், ஆனால் ஆரமும் போல்ட்டும் தெரியாமல் வழவழ என்று ஆகும்வரை இழுக்கிறார்கள். கணக்கு எளிது. 36 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டோ ஒரு விநாடிக்கு 10 மீட்டர் போகும், ஷட்டர் 1/30 விநாடி என்றால் அந்த நேரத்தில் சுமார் 33 சென்டிமீட்டர். ஆட்டோ சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர், சுற்றளவு 126 சென்டிமீட்டர் பக்கம் வரும். ஆக, சக்கரம் கால் சுற்றுதான் சுற்றியிருக்கும். ஆங்கிளை 90 டிகிரி பக்கத்தில் வைத்தாலே அந்த வேகம் வந்துவிடும்.

ரேடியல் ப்ளர் வட்டமாக மட்டும்தான் சுற்றும், சாய்வாகத் தெரிகிற சக்கரத்துக்கு உதவாது. ஸ்பின் ப்ளரில் வட்டத்தை நசுக்கி நீள்வட்டமாக்கலாம். திருப்பத்தில் முன்சக்கரம் ஒடிந்து நிற்கும், அதனால் அதன் நீள்வட்டமும் பின்சக்கரத்தினுடையதும் ஒன்றாக இருக்காது, ஒன்றை நகலெடுத்து இன்னொன்றில் வைக்காதீர்கள். மட்கார்டைத் தனியாகப் பிரித்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.

சிலம்பத்துக்கு ஒரே கோடு

மெரினாவில் எடுத்த சிலம்பப் படம் ஒன்று வந்தது. கம்பின் மேல் ஒரே ஒரு பாத் வரைந்து முழுக்க ஒரே ஸ்பீடு கொடுத்திருந்தார் தம்பி, கம்பு மொத்தமும் பக்கவாட்டில் நகர்ந்த மாதிரி ஆகிவிட்டது. கம்பை நடுவில் பிடித்துச் சுழற்றினால் பிடித்த இடம் ஏறக்குறைய அசையாது, தூரம் கூடக்கூட வேகம் கூடும், இரண்டு முனைகளும் எதிரெதிர்த் திசையில் போகும். அப்படியென்றால் முனைக்கு ஒன்றாக இரண்டு வளைவு பாத், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஸ்பீடு பூஜ்யம் வைத்த இன்னொரு பாத். இடையில் இருப்பதை ஃபில்டர் தானே நிரவிக்கொள்ளும். ரியர் சின்க் ஃப்ளாஷ் என்ற தேர்வையும் பாருங்கள், கடைசி நொடியில் ஃப்ளாஷ் அடித்த மாதிரி கம்பு தெளிவாக நிற்கும், அதன் பின்னால் மட்டும் வால் விழும்.

ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்காமல் ஃபில்டர் போடுவது

வேண்டாம். "கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று கட்டாயம் கேட்பார்கள். லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கியிருந்தால் ஃபில்டரின் அளவைப் பிறகும் மாற்றலாம்.

வழவழப்பு

ப்ளர் போட்ட இடத்தில் கேமராவின் கிரெய்னும் (பொடிப் புள்ளிகளும்) சேர்ந்து அழிந்துவிடும், ஆட்டோவில் மட்டும் இருக்கும். திரையில் தெரியாது, பிரிண்டில் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டின மாதிரி தெரியும். பின்னணிக்கு மட்டும் கொஞ்சம் நாய்ஸ், அதாவது அதே மாதிரி பொடிப் புள்ளிகள், சேர்த்து, 100 சதவீதத்தில் வைத்து, ஆட்டோவின் கதவுப் பக்கத்தையும் அதை ஒட்டின ரோட்டையும் ஒன்றாகப் பாருங்கள். இப்போதெல்லாம் அந்த ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்த பிறகுதான் முழு ஷீட்டையும் லேபுக்கு அனுப்புகிறேன்.