துப்பாக்கி கீழே விழுந்தால்: புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

2024 நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்த வாரம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வழக்கம்போல அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் தெருத் தம்பி ஒருவர், அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்பவர், .32 ரிவால்வர் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. துணைக்கு என்னைக் கூப்பிட்டார். நிலைய வாசலில் பைக்கை நிறுத்தி, காலைத் தூக்கி இறங்கும்போது பேண்ட்டில் செருகியிருந்த ரிவால்வர் நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. வெடிக்கவில்லை. அவர் பாட்டுக்கு எடுத்தார், சட்டையில் துடைத்தார், மறுபடியும் இடுப்பில் செருகினார்.

“லோடு ஆகியிருக்கா?” என்றேன்.

“ஆறும் ஃபுல்லா கீதுண்ணா. கீழ விழுந்தா ஒண்ணும் ஆவாது. ட்ரிகரை இழுத்தாதானே வெடிக்கும்?”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2006-இல் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் கம்மவான்பேட்டைக்குப் பக்கம். அங்கே வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள் என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். நானும் போனேன். 17 வருடம் ஆர்மரர் வேலை, அதாவது ஆயுதம் பழுது பார்ப்பது. ஓய்வுக்குப் பிறகு காவலாளி வேலை. இப்போது அதுவும் இல்லை. புதிதாக லைசென்ஸ் வாங்குகிறவர்கள் சந்தேகம் கேட்டு வருவார்கள், அவ்வளவுதான். விசையில் விரல் வைக்காதே, ஆளை நோக்கிப் பிடிக்காதே, பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

ட்ரிகரை இழுத்தால்தான் வெடிக்கும் என்று நம்புவது

தோட்டாவின் பின்பக்கம் இருக்கும் கேப்பில் போதுமான வேகத்தில் ஒரு அடி விழ வேண்டும். வெடிக்க அது போதும். அந்த அடியை உங்கள் விரல் கொடுத்ததா, தரை கொடுத்ததா என்று கேப்புக்குத் தெரியாது.

இடுப்பு உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அங்கிருந்து விழும் எதுவும் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். சைக்கிள் வேகம்தான். ஆனால் முக்கால் கிலோ இரும்பு அந்த வேகத்தில் கருங்கல்லில் மோதி ஒரே நொடியில் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி நின்றுவிடும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பாகங்கள் நிற்காது.

ரிவால்வர் பின்பக்கமாக விழுந்தால் ஹேமரின், அதாவது பின்னால் இருக்கும் சுத்தியலின், முதுகில் அடி விழும். ஹேமர் முன்னால் போய் கேப்பைக் குத்தும். பிஸ்டல் வாய்ப்பக்கமாக விழுந்தால், உடம்பு நின்ற பிறகும் ஃபயரிங் பின், அதாவது கேப்பைக் குத்தும் ஊசி, தன் எடையால் முன்னால் ஓடும். மூன்றாவது ஒன்று உண்டு, கேட்டால் சிரிப்பு வரும். சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல், அமெரிக்க ராணுவமே அதன் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. 2017-இல் அது ஒரு குறிப்பிட்ட கோணத்தில், பின்பக்கமாக விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்தது. கனமான ட்ரிகர், விழுந்த வேகத்தில் தன்னைத்தானே பின்னால் இழுத்துக்கொண்டது. விரலே இல்லாமல் ட்ரிகர் இழுபட்ட கதை. நிறுவனம் லேசான ட்ரிகர் போட்டு, உள்ளேயும் சில பாகங்களை மாற்றிக் கொடுத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரிவால்வர் பின்பக்கமாகத் தரையைத் தொடும்போது அதன் வாய் மேலே பார்க்கும். மேலே இருப்பது யார்? அதைத் தவறவிட்டவர்தான். 2024 அக்டோபர் 1 அன்று இந்தி நடிகர் கோவிந்தாவுக்குச் சொந்த ரிவால்வராலேயே காலில் குண்டு பாய்ந்தது நினைவிருக்கும். கையிலிருந்து நழுவி விழுந்து வெடித்ததாகத்தான் அவர் தரப்பில் சொன்னார்கள்.

ஆறு அறையிலும் தோட்டா போடுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். “ஆறு போடத்தானே ஆறு ஓட்டை வெச்சிருக்கான்?”

பழைய மாதிரி ரிவால்வரில் ஹேமர் இறங்கியிருக்கும்போது அதன் முனை நேராகத் தோட்டாவின் கேப் மேலேயே உட்கார்ந்திருக்கும். இடையில் ஒன்றும் கிடையாது. மேலே ஒரு தட்டு விழுந்தால் போதும். 1876 ஜனவரியில் கான்சஸ் மாநிலத்து விசிட்டா நகரில் வயாட் எர்ப் என்ற போலீஸ்காரர், பிற்காலத்தில் பெரிய துப்பாக்கி வீரர் என்று பெயர் வாங்கியவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உறையிலிருந்து ரிவால்வர் நழுவியது. ஹேமர் நாற்காலியில் பட்டு வெடித்தது. குண்டு அவருடைய கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டுத் திரும்பி, கூரை வழியாக வெளியே போனது. அவருக்கே அந்தக் கதி.

அதனால்தான் அந்தக் காலத்தவர்கள் ஆறில் ஐந்தைப் போட்டு, ஹேமர் நிற்கும் அறையைக் காலியாக விட்டார்கள். அப்புறம் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. ஹேமருக்கும் கேப்புக்கும் நடுவில் ஒரு தடுப்புத் துண்டு வைப்பது ஒரு வழி, அது ஹேமர் பிளாக். ட்ரிகரை முழுதாக இழுத்தால் மட்டும் ஒரு பட்டை மேலே எழும்பி ஹேமரின் அடியை ஃபயரிங் பின்னுக்குக் கடத்துவது இன்னொரு வழி, அது ட்ரான்ஸ்ஃபர் பார். ரூகர் நிறுவனம் 1973-இல் தன் சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் ஏற்றிச் சுடும்) ரிவால்வர்களில் இந்தப் பட்டையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் விற்றவற்றுக்கும் பிற்பாடு இலவசமாகப் பொருத்திக் கொடுத்தது.

சரி, தடுப்பு இருந்தால் நிம்மதியா? 1944-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் இரும்புத் தளத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் விழுந்து வெடித்து ஒரு மாலுமி செத்துப்போனார். அந்த ரிவால்வரில் தடுப்பு இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் அது வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த நிறுவனம் தடுப்பின் அமைப்பையே மாற்றியது.

இனி என் கதை. ஓய்வு பெற்று வந்ததும் குடியாத்தம் பக்கம் ஒரு அடகுக்கடையில் காவல் வேலை. என் பெயரில் லைசென்ஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய .32 ரிவால்வர். ராணுவத்தில் நான் கையாண்டது இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 எம்எம் பிஸ்டல். அதில் மேகசினில் தோட்டா இருக்கும், சேம்பர், அதாவது குழலை ஒட்டிய சுடும் அறை, காலியாக இருக்கும். அது பழகிய ஒழுங்கு. ரிவால்வர் கைக்கு வந்ததும் அந்த ஒழுங்கை ராணுவத்திலேயே விட்டுவிட்டேன். ஆறும் போட்டேன். நண்பர் ஒருவர் கேட்டபோது, “விழுந்தா என்ன, ட்ரிகரை இழுத்தாதானே?” என்றேன். ஆர்மரர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

2006 மார்கழி மாதம், காலை ஒன்பது மணி. கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தேன். மேல் பட்டன் போடாத தோல் உறை. ரிவால்வர் வழுக்கிப் படிக்கல்லில் விழுந்தது, ஹேமர் கீழாக. சத்தம் கேட்டதே தவிர வலி உடனே தெரியவில்லை. குண்டு என் இடது மேல்கைச் சதையைக் கிழித்துக்கொண்டு ஷட்டரில் பாய்ந்திருந்தது. ஒரு சாண் தள்ளியிருந்தால் கழுத்து. எனக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் கூட்டிப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தார். அந்த அம்மா முகம் இன்றைக்கும் தூக்கத்தில் வருகிறது.

வழக்கு, துப்பாக்கி பறிமுதல், லைசென்ஸ் நிறுத்தம். வேலையும் போனது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைக்கப் போனேன். எங்கே? அதே கடையில்தான். முதலாளி நல்ல மனுஷன், வட்டியில் கால் பைசா குறைத்துக்கொண்டார்.

ரொம்ப நாள் கழித்து அந்த ரிவால்வரைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. பக்கத் தகட்டைக் கழற்றினால், தடுப்புத் துண்டு இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளம். எனக்கு முன் வைத்திருந்தவர் யாரோ, ட்ரிகர் லேசாக இருக்கட்டும் என்று எவனிடமோ கொடுத்துப் பிரித்திருக்கிறார். திரும்பப் பூட்டியவன் அந்தத் துண்டைப் போடவில்லை. போடாவிட்டாலும் துப்பாக்கி சுடும், அதனால் யாருக்கும் தெரியாது. 17 வருடம் அடுத்தவன் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தே சம்பளம் வாங்கினேன். சொந்தத் துப்பாக்கியை ஒரு நாள் பிரித்துப் பார்க்கவில்லை. கை காயம் ஆறிவிட்டது. இந்த எரிச்சல் ஆறவில்லை.

ஆகவே, உங்கள் ரிவால்வருக்குள் தடுப்பு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள். “இருக்கும் சார்” என்ற வாய்வார்த்தை வேண்டாம், கண்ணால் பாருங்கள். பார்க்கும் வரை ஐந்து போதும். பழைய துப்பாக்கி என்றால் பார்த்த பிறகும் ஐந்து போதும் என்பது என் கட்சி. காலி அறையால் ஆபத்து நேரத்தில் தாமதமாகுமே என்பார்கள். ஆகாது. ட்ரிகரை இழுக்கும்போதே ஆறு அறையும் உள்ள சிலிண்டர் சுழன்று அடுத்த அறை ஹேமருக்கு நேராக வந்துவிடும். ஒரு தோட்டா குறையும், அவ்வளவுதான். ஆனால் காலி அறை ஹேமருக்குக் கீழே நிற்க வேண்டும். சிலிண்டரை மூடும்போது ஒரு அறை தள்ளி நின்றுவிடுவது சகஜம், மூடிய பிறகு பக்கவாட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள். வேறெங்கோ ஒரு அறை காலியாக இருப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

விழும் துப்பாக்கியைத் தாவிப் பிடிப்பது

விடுங்கள், விழட்டும். தாவுகிற கையில் முதலில் மாட்டுவது ட்ரிகர்தான்.

‘லாக்’ போட்டிருக்கிறது என்ற தைரியம்

வங்கிக் காவலர்கள் வைத்திருக்கும் இரட்டைக் குழல் ‘12 போர்’ நீளத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஹேமர் வெளியே தெரியாத ரகத்தில், மூடி லோடு செய்திருந்தால் உள்ளே இரண்டு ஹேமரும் ஏறித்தான் நிற்கின்றன. மேலே கட்டைவிரலில் தள்ளும் சேஃப்டி, அதாவது அந்த ‘லாக்’, பெரும்பாலானவற்றில் ட்ரிகரை மட்டும்தான் பிடித்து நிறுத்தும். ஹேமரைப் பிடிக்காது. ஹேமரைத் தாங்கும் பல் தேய்ந்திருந்தால், துப்பாக்கியின் கட்டை தரையில் மோதும் அதிர்ச்சியில் அது நழுவிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் அண்ணன்மார்களே, உங்களுக்குத்தான் இது.

எங்கள் தாத்தா பீஞ்சமந்தை மலைப் பக்கம் போய் வந்தவர். அங்கே நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த பெரியவர்கள் மருந்து கெட்டித்திருந்தாலும் கேப்பை மட்டும் தனியாக மடியில் முடிந்துகொண்டுதான் பாறையில் ஏறுவார்களாம்.

வேட்டி மடிப்பு, பேண்ட் இடுப்பு, பைக் டிக்கி

வேண்டாம். மேலே பட்டன் உள்ள உறை வாங்குங்கள், பட்டனைப் போடுங்கள்.

விழுந்த துப்பாக்கியைத் துடைத்துவிட்டு மறந்துபோவது

விழுந்து வெடிக்காவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். விழுந்ததில் ஹேமரின் முனை வளைந்திருக்கலாம், தடுப்புத் துண்டு நெளிந்து சிக்கியிருக்கலாம். அடுத்த முறை விழும்போது அது இன்று காப்பாற்றியதுபோல் காப்பாற்றாது. வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, தோட்டாக்களை எடுத்து, பழுதுபார்ப்பவரிடம் காட்டும் வரை லோடு செய்யாதீர்கள். ஹேமருக்கு நேராக இருந்த தோட்டாவின் கேப்பையும் பாருங்கள். அதில் சின்னக் குழி இருந்தால், நீங்கள் எவ்வளவு அருகில் போய் வந்தீர்கள் என்று தெரியும். அந்தத் தோட்டாவைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி துப்பாக்கியை அஜாக்கிரதையாகப் பயன்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அன்றைக்கு நிலைய வாசலிலேயே, ஆள் இல்லாத மதில் பக்கம் திரும்பி நின்று தம்பியின் ரிவால்வரைக் காலி செய்யச் சொன்னேன். ஹேமருக்கு நேராக இருந்த தோட்டாவை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கேப் வழுவழுவென்று இருந்தது, உள்ளே தடுப்பு உயிரோடு இருந்திருக்கிறது. இருந்தாலும் வழியெல்லாம் மேலே எழுதியது முழுவதையும் அவரிடம் சொல்லி முடித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

தேர்தல் முடிந்து துப்பாக்கி கைக்கு வந்த அன்று சாயங்காலம் போன் செய்தார்.

“அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே அஞ்சுதான் போட்டேன்.”

“எந்த அறை காலி?” என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.