கம்மி காசுல ஹெச்ஓ மாடல் ரயில்: முதல் இன்ஜினும் கூட்ஸ் பெட்டிகளும் பார்த்து வாங்குறது எப்படி

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி கடைசியில மாசசூசெட்ஸ் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டுல ஆம்ஹெர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி பெரிய மாடல் ரயில் ஷோ நடத்துவாங்க, நான் தவறாம போயிடுவேன். போன தடவை பழைய சாமான் விக்கிற மேஜைகிட்ட நின்னுட்டு இருந்தப்ப நம்மூர் தம்பி ஒருத்தர், கூடவே ஏழெட்டு வயசுப் பையன், கையில பளபளன்னு ஒரு பாக்ஸ் செட், "அண்ணே, இது நல்லா ஓடுமா, இல்ல ஒரு மாசத்துல பரண்ல ஏறிடுமா"ன்னு கேட்டாரு. அங்க நின்னபடியே அவருக்குச் சொன்னதைத்தான் இங்க விவரமா எழுதுறேன்.

காசு கம்மியா இருக்கும்போது அதை இன்ஜினோட மோட்டார்லயும் பெட்டியோட சக்கரத்துலயும் போடுங்க, பெயின்ட்லயும் பொடிப்பொடி கைப்பிடிக் கம்பிலயும் போடாதீங்க. எவ்வளவு அழகா இருந்தாலும் வளைவுக்கு வளைவு தடம் புரள்ற வண்டியைப் பையன் ரெண்டாவது நாள் தொடமாட்டான்.

1. ஸ்கேலும் தண்டவாளமும்

ஹெச்ஓன்னா 87-ல ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இங்கிலீஷ் எழுத்து 'N' போட்ட என் ஸ்கேல்னா 160-ல ஒரு பங்கு, இடைவெளி 9 மில்லிமீட்டர், அபார்ட்மென்ட்ல இடமே இல்லன்னா அது சரி. ஆனா அமெரிக்காவுல பழைய மார்க்கெட்ல சல்லிசா அள்ளிக் கிடைக்கிறது ஹெச்ஓதான், சின்னப் பசங்க கைக்கும் அதுதான் தோது. 4-க்கு 8 அடி பிளைவுட் பலகை ஒண்ணு போதும், 18 இன்ச் ரேடியஸ் வளைவு வச்சு ஒரு ஓவல் போட்டுடலாம். 22 இன்ச் வளைவும் 4 அடி அகலத்துக்குள்ள அடங்கும், முடிஞ்சா அதையே போடுங்க, பெட்டிங்க இன்னும் நிம்மதியா திரும்பும்.

தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வரான்னு (ஒரு உலோகக் கலவை) கேட்டு வாங்குங்க. பாக்மன் கம்பெனியோட ஈஸி ட்ராக்ல இது சுலபம், அடியில சாம்பல் நிறம்னா நிக்கல் சில்வர், கறுப்புன்னா ஸ்டீல். ஸ்டீல் துருப்பிடிக்கும், கரண்ட் சரியா ஏறாது, அப்புறம் இன்ஜின் மேல பழி போடுவோம்.

2. முதல் இன்ஜின்

நாலு அச்சு டீசல் இன்ஜின் ஒண்ணு எடுங்க. ஆறு அச்சு வண்டி பார்க்க கம்பீரமா இருக்கும், ஆனா 18 இன்ச் வளைவுல திணறும். நீராவி இன்ஜின் மேல எல்லாருக்கும் ஆசை வரும், எனக்கும் இருந்துச்சு, ஆனா மலிவு விலையில வர்றதுல கரண்ட் எடுக்கிற சக்கரம் கம்மியா இருக்கும், தண்டவாளத்துல கொஞ்சம் அழுக்கு பட்டாலே நின்னுடும், அதனால அது ரெண்டாவதோ மூணாவதோ வரட்டும். ஜிபி9, ஜிபி38-2 மாதிரி நாலு அச்சு டீசல் வண்டிங்க ஆரம்பத்துக்கு ரொம்பப் பொருத்தம். நிஜ ஜிபி9-ஐ 1954-லயும் ஜிபி38-2-ஐ 1972-லயும் இஎம்டிங்கிற இன்ஜின் கம்பெனி கொண்டு வந்தாங்க, அமெரிக்கா முழுக்க ஏகப்பட்ட கம்பெனி ஓட்டுன வண்டி, அதனால எந்த ரயில்வே கலர்ல கிடைச்சாலும் பெட்டிங்களோட ஒத்துப்போயிடும். அட்லஸ் ட்ரெயின்மேன், வால்தர்ஸ் ட்ரெயின்லைன் ரெண்டும் குறைஞ்ச பட்ஜெட்டுக்குன்னே வந்த வரிசைதான், பழசா கிடைச்சாலும் பார்க்கலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி இன்ஜினைத் தலைகீழா திருப்பிப் பாருங்க. முன்னாடி நாலு சக்கரம், பின்னாடி நாலு சக்கரம், எட்டுமே பல்சக்கரத்தோட சேர்ந்து சுத்தணும், எட்டுமே கரண்டும் எடுக்கணும். பழைய பொம்மை வகையில மோட்டார் ஒரு பக்க சக்கரத் தொகுப்புக்குள்ளயே தட்டையா உக்காந்திருக்கும், மத்த நாலு சக்கரம் சும்மா உருளும், இழுவைக்காக ஒண்ணு ரெண்டு சக்கரத்துல ரப்பர் வளையம் மாட்டியிருப்பாங்க. அந்த வகை மெதுவா ஓடவே ஓடாது, நின்னா நிக்கும், கிளம்புனா அம்பு மாதிரி பாயும். என்னோட முதல் செட்ல வந்தது அதுதான், ஆறாவது பெட்டியை மாட்டுன உடனே இருந்த இடத்துலயே சக்கரம் வழுக்கிச்சு, என் பொண்ணு முகம் வாடுனது இன்னும் கண்ணுல நிக்குது.

நடுவுல மோட்டார், ரெண்டு பக்கமும் ஓட்டத்தைச் சீராக்குற பித்தளை ஃப்ளைவீல் (கனமான சுழல் சக்கரம்), கையில எடுத்தா கனம். அதுதான் வேணும்.

பழைய இன்ஜின்னா கண்டிப்பா ஓட்டிப் பாருங்க. ஷோல விக்கிறவங்க நிறைய பேர் ஒரு முழம் தண்டவாளமும் பவர் பாக்ஸும் வச்சிருப்பாங்க, தயங்காம கேளுங்க. குமிழை ரொம்ப மெதுவா திருப்பி, ஊர்ந்து போற வேகத்துல ஒரே சீரா போகுதான்னு பாருங்க. ஒவ்வொரு சுத்துக்கும் டக்கு டக்குன்னு குதிச்சா அச்சுல இருக்கிற பல்சக்கரம் வெடிச்சிருக்கு, மாத்தலாம்தான், ஆனா முதல் இன்ஜின்ல அந்த வேலை வேணாம்.

டிசியா (தண்டவாளத்துக்குப் போற கரண்டைக் கூட்டிக் குறைச்சு ஓட்டுறது), டிசிசியா (ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியா டிஜிட்டல் கட்டளை அனுப்புறது)ன்னு ரொம்பக் குழம்பாதீங்க. ஒரே இன்ஜின், ஒரே ஓவல்னா சாதாரண 12 வோல்ட் டிசி போதும். ஆனா உள்ள 8 பின் இல்லன்னா 21 பின் சாக்கெட் இருக்கிற இன்ஜினா எடுத்தீங்கன்னா நாளைக்கு டிசிசிக்கு மாறும்போது அந்தக் கட்டளையைப் புரிஞ்சுக்கிற டிகோடரைச் செருகுனா முடிஞ்சுது, சால்டரிங் வேலை இல்ல.

வீட்டுக்கு வந்ததும் பெட்டி எதுவும் மாட்டாம, முன்பக்கம் அரை மணி, பின்பக்கம் அரை மணி நடு வேகத்துல ஓட விடுங்க. சக்கரத்தைத் துடைக்க ஒரு வழி இருக்கு. பேப்பர் டவல் துண்டு ஒண்ணுல ஐசோப்ரோபில் ஆல்கஹால் கொஞ்சமா நனைச்சு தண்டவாளத்துக்குக் குறுக்கே போடுங்க, அது மேல இன்ஜினோட முன்பக்க நாலு சக்கரம் நிக்கட்டும், பின்பக்க நாலும் வெறும் தண்டவாளத்துல இருக்கட்டும். இன்ஜினைக் கையால பிடிச்சுக்கிட்டு கரண்ட் கொடுங்க, சக்கரம் பேப்பர்ல தேய்ஞ்சு சுத்தும், ரெண்டு நிமிஷத்துல நாலு கறுப்புக் கோடு தெரியும். அப்புறம் திருப்பி வச்சு பின்பக்க சக்கரம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்துல நெருப்பு வேணாம். எண்ணெய் போடணும்னா பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கிற எண்ணெய்தான், அதுவும் ஊசி முனையில எள்ளளவு.

3. பெட்டிகள்

நிஜ வண்டி கணக்குல 40 அடி, 50 அடி கூட்ஸ் பெட்டிங்கதான் ஆரம்பத்துக்கு. பாக்ஸ் கார் (மூடுன பெட்டி), ஹாப்பர் (அடிப்பக்கமா சரக்கைக் கொட்டுறது), கொண்டோலா (மேல திறந்த பெட்டி) எதுவா இருந்தாலும் சரி. 85 அடி பயணிகள் பெட்டி ஹெச்ஓல கிட்டத்தட்ட 12 இன்ச் நீளம் வரும், 18 இன்ச் வளைவுல அது படுற பாட்டைப் பார்க்கவே கஷ்டமா இருக்கும். பழைய ஏதர்ன் ப்ளூ பாக்ஸ் பெட்டிங்களும் ஆக்குரெயில் கிட்டும் எங்க கண்ணுல பட்டாலும் எடுத்துப் பாருங்க, ரெண்டுமே நாமளே மாட்டிச் சேர்க்கிற வகை, ஒரு மாலைப் பொழுதுல முடிஞ்சுடும், பசங்களோட உக்காந்து செய்றதுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியல.

திருப்பிப் பார்க்கும்போது கப்ளர், அதாவது பெட்டியையும் பெட்டியையும் கோக்கிற கொக்கி, எங்க மாட்டியிருக்குன்னு கவனிங்க. சக்கரத் தொகுப்போட சேர்ந்தே வந்திருந்தா, பின்னுக்குத் தள்ளும்போது சக்கரம் கோணிக்கிட்டு தடம் புரளும். பெட்டியோட உடம்புல மாட்டியிருக்கிறதா எடுங்க.

இப்ப எடை. இந்த ஹாபில பைசா செலவில்லாம கிடைக்கிற பெரிய முன்னேற்றம் இதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். மாடல் ரயில்காரங்களோட தேசிய சங்கம் என்எம்ஆர்ஏ, 1935-ல ஆரம்பிச்சது, ஹெச்ஓ பெட்டிக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க: முதல்ல 1 அவுன்ஸ், அப்புறம் ஒவ்வொரு இன்ச் நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடி பாக்ஸ் கார் அஞ்சரை இன்ச், அப்ப மூணே முக்கால் அவுன்ஸ், நம்ம கணக்குல 106 கிராம். நான் 6 டாலருக்கு வாங்குன பாக்ஸ் காரை மாவு நிறுக்கிற தராசுல வச்சப்ப 78 கிராம்தான் காட்டுச்சு. கூரையைக் கழட்டி, 11 பென்னி காசை ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா பிரிச்சு தரையில ஒட்டுனேன். 1982-க்கு அப்புறம் வந்த பென்னி ஒண்ணு ரெண்டரை கிராம், ஆக 27.5, மொத்தம் 105.5. இரும்பு நட்டு போடாதீங்க, தண்டவாளத்துக்கு நடுவுல காந்தம் வச்சு கப்ளரைக் கழட்டுற ஏற்பாடு பண்ணுனீங்கன்னா அது பெட்டியையே பிடிச்சு இழுக்கும்.

பிளாஸ்டிக் சக்கரம் இருந்தா உலோகச் சக்கரமா மாத்துங்க, கையால சைடு ஃப்ரேமை லேசா விரிச்சா பழசு வெளிய வந்துடும், புதுசை வச்சா டக்குன்னு உக்காந்துக்கும். பெரும்பாலான பழைய கூட்ஸ் பெட்டிக்கு, நிஜ வண்டி அளவுல சொன்னா, 33 இன்ச் சக்கரம், 100 டன் ஹாப்பர் மாதிரி பெரிய பெட்டிக்கு 36. மேஜையில தள்ளி விட்டுப் பாருங்க, முன்னாடி ஒரு சாண் ஓடுன பெட்டி இப்ப விளிம்பு வரைக்கும் போகும், பிடிச்சுக்குங்க.

4. கப்ளர்

பழைய பெட்டியில கொம்பு மாதிரி வளைஞ்ச கப்ளர் இருந்தா மாத்தியே ஆகணும். கேடீ கம்பெனியோட 5-ஆம் நம்பர் கப்ளர் இல்லன்னா 148 வாங்குனா முக்கால்வாசி வண்டிக்குப் பொருந்தும். போடுறது பெரிசில்ல, எல்லா வண்டியிலயும் ஒரே உயரத்துல இருக்கணும், அதுக்குன்னே கேடீல சின்ன உயர கேஜ் விக்கிறாங்க, பிசினாறித்தனம் பண்ணாம அதை வாங்கிடுங்க. கப்ளர் தாழ்ந்திருந்தா உடம்புக்கும் சக்கரத் தொகுப்புக்கும் நடுவுல மெல்லிய வாஷர் ஒண்ணு போடுங்க, கப்ளர்ல இருந்து கீழ தொங்குற கம்பி தண்டவாளத்துல உரசுனா லேசா மேல வளைங்க.

எல்லாம் ஆன பிறகு எட்டு பெட்டியை வரிசையா மாட்டி, இன்ஜினைக் கடைசியில வச்சு, ஓவல் முழுக்க பின்னுக்குத் தள்ளிக்கிட்டு மூணு சுத்து போங்க. முன்பக்கமா இழுக்கும்போது மறைஞ்சிருக்கிற கோளாறெல்லாம் தள்ளும்போது வெளிய வந்துடும். எந்தப் பெட்டி இறங்குதோ அதைத் தனியா எடுத்து எடை, சக்கரம், கப்ளர்னு இதே வரிசையில பாருங்க. ஒரே இடத்துல வெவ்வேற பெட்டிங்க இறங்குச்சுன்னா கோளாறு பெட்டியில இல்ல, அந்தத் தண்டவாள இணைப்புலதான், விரல் நுனியை மேல ஓட்டிப் பாருங்க, தட்டுப்படும்.